பெர்மிஷன் டினைடு: சாவி யார் கையில்?

கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் எரிச்சல் மூட்டும் வரிகள் சில உண்டு. அவற்றில் முதலிடம் "பெர்மிஷன் டினைடு" என்ற வரிக்குத்தான். "உனக்கு அனுமதி இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஏன் இல்லை, யாரைக் கேட்க வேண்டும், என்ன செய்தால் கிடைக்கும், ஒன்றும் சொல்லாது. கவுண்டரில் "சார் லஞ்சுக்குப் போயிருக்கார்" என்று சொல்வதாவது தேவலை!

விண்டோஸ் மட்டும் பழகியவர்கள் கண்ணில் இந்த வரி எப்போதாவதுதான் படும். லினக்ஸ் சர்வரைத் தொட்டவர்களுக்கு அடிக்கடி. ஒரே லினக்ஸ் சர்வருக்குள் நாலைந்து மெய்நிகர் இயந்திரங்களை வைத்துப் பராமரிக்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அவசரத்தில் இருப்பவர் இணையத்தில் தேடுவார், ஒரு கட்டளை கிடைக்கும், அப்படியே ஒட்டுவார், வேலை நடக்கும், மறந்துவிடுவார். அந்தக் கட்டளை எந்தக் கதவைத் திறந்துவிட்டது, யாருக்காகத் திறந்துவிட்டது என்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கதவைப் பற்றியது.

கணினிக்குள் கணினி

மெய்நிகர் இயந்திரம் (விர்ச்சுவல் மெஷின்) என்பது ஒரு நிஜக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி. அதற்குத் தனி மெமரி, தனி ஹார்ட் டிஸ்க், தனி இயங்குதளம் எல்லாம் இருப்பதாகவே அது நம்பும். உண்மையில் அதன் ஹார்ட் டிஸ்க் என்பது வெளியே இருக்கும் கணினியில் உள்ள ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான்.

யோசனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972லேயே தன் பெரிய கணினிகளுக்கு இந்த வசதியை விற்றது. லினக்ஸில் இன்று பரவலாக இருப்பது கேவிஎம். க்யூம்ராநெட் என்ற இஸ்ரேல் நிறுவனத்தில் பிறந்த இது, 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 கெர்னலில் லினக்ஸின் பகுதியாகவே ஆகிவிட்டது. அடுத்த ஆண்டே ரெட்ஹேட் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. கேவிஎம்மோடு சேர்ந்து வேலை செய்வது க்யூஎமு என்ற மென்பொருள். இந்த இரண்டையும் மேய்க்கும் மேனேஜர் லிப்வர்ட். மெய்நிகர் இயந்திரத்தை எழுப்பு, நிறுத்து, நகல் எடு, அழி என்ற உத்தரவுகள் எல்லாம் லிப்வர்ட் வழியாகத்தான் போகின்றன. உத்தரவு போடுபவர் கருப்புத் திரையில் தட்டச்சு செய்கிறவராக இருந்தால் விர்ஷ் என்ற கட்டளையையும், மவுஸ் பிடிக்கிறவராக இருந்தால் விர்ட்-மேனேஜர் என்ற ஜன்னலையும் பயன்படுத்துவார்.

லினக்ஸ் என்ற பெயர் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு அந்நியம் இல்லை. சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய போஸ் லினக்ஸ் 2007ல் வெளிவந்தது. 2011ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போஸ் லினக்ஸும் உட்கார்ந்திருந்தது. திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்!

இருபதாம் தேதி காலை

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில், சிறிய வியாபாரிகளுக்கும் சில பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் ஒருவர், கணக்கு எழுதுபவர்கள் நாலு பேர், பகுதி நேரமாக வரும் பி.காம். மாணவர் ஒருவர். மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர். அதற்குள் மூன்று மெய்நிகர் இயந்திரங்கள். ஒன்றில் விண்டோஸும் டாலியும். இன்னொன்றில் எல்லோருக்கும் பொதுவான ஃபைல்கள். மூன்றாவது, புதிதாக வருபவர்கள் பழகுவதற்கு. சிஸ்டம் பார்க்கும் அண்ணன் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார்.

அன்று 20ஆம் தேதி. மாதாந்திர ஜிஎஸ்டி 3பி படிவத்துக்குக் கடைசி நாள். இரவு கரண்ட் போய் வந்ததில் சர்வர் அணைந்து திரும்ப எழுந்திருக்கிறது. டாலி இருக்கும் இயந்திரம் மட்டும் எழவில்லை. ஆபீஸில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர் அந்த மாணவர் ஒருவர்தான். அவருக்கு சர்வரில் தனிக் கணக்கு உண்டு. நுழைந்து பார்க்கிறார். "பெர்மிஷன் டினைடு". போனை எடுக்கிறார்.

"அண்ணா, டாலி மெஷின் எழும்பல. பெர்மிஷன் இல்லைங்குது."

"ரூட் பாஸ்வேர்ட் வாட்ஸப்ல அனுப்புறேன் தம்பி, உள்ள போய் எல்லாத்துக்கும் 777 போட்டுடு. சாயந்திரம் வந்து பாத்துக்கறேன்."

சாயந்திரம் அந்த அண்ணன் வர மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். வந்தாலும் அந்த 777 அப்படியேதான் இருக்கும். இப்படித்தான் பெரும்பாலான ஆபீஸ்களில் பூட்டுகள் கழற்றப்படுகின்றன. திருடன் கழற்றுவதில்லை, அவசரம்தான் கழற்றுகிறது.

அப்படியென்றால் சரியான வழி என்ன? கதவை உடைப்பதற்கு முன்னால், மூடியிருப்பது எந்தக் கதவு என்று கண்டுபிடிப்பது. ஏனென்றால் "பெர்மிஷன் டினைடு" என்று சொல்வது ஒரே ஆள் இல்லை. ஐந்து வெவ்வேறு காவலாளிகள் அதே வார்த்தையைச் சொல்லக்கூடும்.

முதல் காவலாளி: நீ யார்?

லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. அவர் சில குழுக்களில் உறுப்பினராக இருப்பார். ஐடி என்று இரண்டெழுத்துக் கட்டளை கொடுத்தால் அந்தப் பட்டியல் வரும். லிப்வர்ட்டை நிர்வகிக்க உபுண்டு, டெபியன் போன்றவற்றில் லிப்வர்ட் என்ற பெயரிலேயே ஒரு குழு இருக்கும்.

இங்கே இரண்டு பிரபலமான குழிகள் உண்டு. குழுவில் சேர்த்த பிறகும் பழைய தடையே வருகிறது என்று புலம்புபவர்கள் பலர். குழுப் பட்டியல் லாகின் செய்யும்போது ஒரு முறைதான் படிக்கப்படும். வெளியே போய்த் திரும்ப நுழைந்தால்தான் புதிய உறுப்பினர் அட்டை செல்லும். இரண்டாவது குழி ஆபத்தானது. யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி போடும்போது கூடவே சின்ன ஏ போட மறந்தால், புதிய குழுவில் சேர்ப்பதற்குப் பதிலாகப் பழைய குழுக்கள் அனைத்திலிருந்தும் பெயர் அடிபட்டுப் போகும். சூடோ குழுவும் அதில் போய்விட்டால், ரூட் பாஸ்வேர்டும் இல்லாதவர் தன் சர்வருக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது: எந்த வாசல்?

லிப்வர்ட்டுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று சிஸ்டம், அதாவது சர்வர் முழுமைக்கும் பொதுவானது. மற்றது செஷன், ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியானது. சாதாரணப் பயனர் வெறுமனே விர்ஷ் என்று அடித்தால் அவருடைய செஷன் வாசலுக்குத்தான் போவார். அங்கே பட்டியல் காலியாக இருக்கும். "ஐயோ, எல்லா மெஷினும் அழிந்துவிட்டதே" என்று வயிற்றைப் பிசையும் நிமிடம் அது. ஒன்றும் அழியவில்லை. சிஸ்டம் வாசலின் முகவரியைக் கட்டளையில் கொடுத்தால் மூன்றும் அங்கேயே இருக்கும்.

மூன்றாவது: வாட்ச்மேன்

சிஸ்டம் வாசலில் நிற்பது ஒரு சாக்கெட் ஃபைல். அதைத் தொடும் உரிமை யாருக்கு என்பதை சில லினக்ஸ்களில் அந்த ஃபைலின் குழு உரிமையே தீர்மானிக்கும். வேறு சிலவற்றில் போல்கிட் என்ற தனி வாட்ச்மேன் தீர்மானிப்பார். "இந்த ஆள், இந்தக் காரியத்தைச் செய்யலாமா?" என்று அவரிடம் கேட்கப்படும். அவர் விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார்.

வாட்ச்மேனும் மனிதர் எழுதிய மென்பொருள்தான் என்பதை மறக்கக் கூடாது. போல்கிட்டோடு வரும் பிகே-எக்ஸெக் என்ற கருவியில் 2009 முதல் இருந்த ஓர் ஓட்டையை 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. சர்வருக்குள் சாதாரணக் கணக்கு வைத்திருந்த எவரும் ரூட் ஆகிவிடக்கூடிய ஓட்டை அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை! அப்டேட் செய்வதைத் தள்ளிப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

நான்காவது: உள்ளே ஓடுவது யார்?

இதுதான் பலரும் தவறவிடும் இடம். மாணவர் உத்தரவு போட்டாலும், ரூட்டே உத்தரவு போட்டாலும், மெய்நிகர் இயந்திரம் அவர்கள் பெயரில் ஓடாது. க்யூஎமு அல்லது லிப்வர்ட்-க்யூஎமு என்ற தனிப் பயனர் பெயரில்தான் ஓடும். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. உள்ளே இருக்கும் விண்டோஸில் ஏதாவது கெட்டது நுழைந்து சுவரை உடைத்து வெளியே வந்தாலும், அதன் கையில் ரூட் அதிகாரம் இருக்காது.

தேனாம்பேட்டை ஆபீஸின் பிரச்சினை இங்கேதான் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமான டிஸ்க் இடம் நிறைந்துவிட்டதால், போன வாரம் அண்ணன் டாலி இயந்திரத்தின் டிஸ்க் ஃபைலைத் தன் வீட்டுக் கோப்புறைக்கு, அதாவது ஹோமுக்கு, நகர்த்தியிருக்கிறார். அமைப்பிலும் புதிய இடத்தை எழுதிவிட்டார். ஆனால் இயந்திரத்தை நிறுத்தி எழுப்பிப் பார்க்கவில்லை. இரவு கரண்ட் போய் வந்தபோதுதான் அது முதல் முறையாகப் புதிய இடத்திலிருந்து எழ முயன்றது.

ஒரு ஃபைலைப் படிக்க அந்த ஃபைலுக்கு மட்டும் உரிமை இருந்தால் போதாது. அது வரைக்கும் போகும் வழியில் இருக்கிற ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் நுழையும் உரிமை வேண்டும். மூன்றாவது மாடி ஃபிளாட்டின் சாவி கையில் இருந்தாலும் காம்பவுண்ட் கேட் பூட்டியிருந்தால் தெருவில்தான் நிற்க வேண்டும். உபுண்டுவில் 21.04 பதிப்பு முதல், புதிதாக உருவாகும் வீட்டுக் கோப்புறைக்குள் வெளியார் நுழைய முடியாது. லிப்வர்ட்-க்யூஎமு என்பவர் வெளியார்தான். ஆகவே டினைடு.

தீர்வு? டிஸ்க் ஃபைலை லிப்வர்ட்டுக்கென்றே இருக்கும் இமேஜஸ் கோப்புறைக்குத் திரும்பக் கொண்டுபோவது. இடம் இல்லையென்றால், வேறொரு பொதுவான இடத்தில் அதற்கென்று ஒரு கோப்புறை அமைத்து லிப்வர்ட்டிடம் பதிவு செய்வது. அதற்கும் நேரமில்லையென்றால், அந்த ஒரு பயனருக்கு மட்டும் வழியில் நுழையும் உரிமையை செட்-எஃப்ஏசிஎல் கட்டளையால் தருவது. பத்து நிமிட வேலை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இயந்திரத்தை எழுப்பும்போது லிப்வர்ட் அந்த டிஸ்க் ஃபைலின் உரிமையாளரையே மாற்றிக்கொள்ளும். அணைத்த பிறகு ரூட் பெயருக்கு மாறியிருக்கவும் கூடும். "நேற்று என் பெயரில் இருந்த ஃபைல் இன்று என் பெயரில் இல்லையே" என்று யாராவது சொன்னால் பேய் பிசாசு காரணம் இல்லை.

ஐந்தாவது: சீல் வைப்பவர்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் தடை வருகிறதா? ரெட்ஹேட் குடும்பத்தில் எஸ்இ-லினக்ஸும், உபுண்டுவில் ஆப்ஆர்மரும் இரண்டாம் அடுக்குக் காவல். எஸ்இ-லினக்ஸ் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் தனித்தனி முத்திரை குத்தும். ஒன்றின் டிஸ்க்கை இன்னொன்று தொட முடியாது. இங்கே மறுப்பு வந்தால் கெர்னல் பதிவிலும் ஆடிட் பதிவிலும் தெளிவாக எழுதியிருக்கும். படித்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. படிக்காதவர்கள்தான் எஸ்இ-லினக்ஸையே அணைத்துவிட்டு "சரியாயிடுச்சு சார்" என்கிறார்கள்.

777 என்றால் என்ன?

லினக்ஸில் படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1. மூன்றையும் கூட்டினால் 7. உரிமையாளருக்கு 7, குழுவுக்கு 7, ஊரில் உள்ள மற்ற எல்லோருக்கும் 7. அதுதான் 777. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கை மேஜை மேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

777 தப்பு என்று பலருக்கும் தெரியும். ஆனால் "அப்படியானால் பையனை லிப்வர்ட் குழுவில் சேர்த்துவிட்டால் போயிற்று" என்பதுதான் நல்ல பிள்ளைகள் சொல்லும் விடை. அதிலும் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. லிப்வர்ட் குழுவில் இருப்பவர் புதிய மெய்நிகர் இயந்திரம் ஒன்றை உருவாக்கலாம். அதற்கு ஹார்ட் டிஸ்க்காக சர்வரின் நிஜ ஹார்ட் டிஸ்க்கையே இணைக்கலாம். உள்ளேயிருந்து அதைத் திறந்து எதை வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். ஆக, அந்தக் குழுவில் உறுப்பினர் ஆவதும் ரூட் ஆவதும் நடைமுறையில் ஒன்றே. பெயர் பார்க்கச் சாதுவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பூட்டுக்கு மேலே ஒரு கை

வணிகவியல் மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. டாலிக்குள் பாஸ்வேர்ட் இருக்கிறது. யார் எந்த வவுச்சரைத் திருத்தினார் என்ற பதிவு இருக்கிறது. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்க முடியக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பதிவு ஆண்டு முழுக்க ஓடியதா, யாராவது அதில் கை வைத்தார்களா என்று ஆடிட்டரும் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த டாலி ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் அல்லவா இருக்கிறது? மெய்நிகர் இயந்திரத்துக்கு ஸ்நாப்ஷாட் என்றொரு வசதி உண்டு. இன்று காலை இருந்த நிலையை அப்படியே படம் பிடித்து வைத்து, மாலையில் அந்த நிலைக்கே திருப்பிவிடலாம். நடுவில் எழுதிய வவுச்சரும் போய்விடும், அதைத் திருத்தியதற்கான பதிவும் கூடவே போய்விடும். டாலியைப் பொறுத்தவரை அந்த நாள் நடக்கவே இல்லை! டாலியின் பாஸ்வேர்ட் தெரியாத ஒருவர், டாலியைத் திறக்காமலேயே இதைச் செய்ய முடியும். அவருக்கு வேண்டியது இயந்திரத்தை நிர்வகிக்கும் உரிமை மட்டுமே.

உள்ளே எத்தனை பூட்டு போட்டாலும், வீட்டையே தூக்கி நகர்த்தக்கூடியவர் கையில் அந்தப் பூட்டுகளுக்கு மதிப்பில்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஜப்பானிய மருந்து நிறுவனமான ஷியோனோகியின் அமெரிக்கக் கிளையில் 2011 பிப்ரவரியில் நடந்தது இது. வேலையை விட்டுப் போன கம்ப்யூட்டர் ஊழியர் ஒருவர், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையின் பொது வைஃபையில் உட்கார்ந்து, நிறுவனத்தின் மெய்நிகராக்க மேலாண்மை மென்பொருளுக்குள் நுழைந்தார். 15 மெய்நிகர் ஹோஸ்டுகளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அழித்தார். 88 சர்வர்களுக்குச் சமமான இழப்பு. மின்னஞ்சல், ஆர்டர் எடுப்பது, நிதிக் கணக்கு எல்லாம் நாள்கணக்கில் முடங்கின. 8 லட்சம் டாலர் நஷ்டம். அழிப்பதற்குச் சற்று முன் அதே கடையில் கிரெடிட் கார்டில் சாப்பாடு வாங்கியிருந்தது அவரைக் காட்டிக்கொடுத்தது. 41 மாதம் சிறை.

நிஜமான 88 கணினிகளை உடைக்க வேண்டுமென்றால் சுத்தியலோடு கட்டடத்துக்குள் நுழைய வேண்டும், வாட்ச்மேன் பார்ப்பார், சத்தம் கேட்கும். மெய்நிகர் இயந்திரத்துக்கு ஓர் உரிமையும் சில க்ளிக்குகளும் போதும். அந்த உரிமை, ஆள் போன பிறகும் போகாமல் இருந்ததுதான் அங்கே வினை.

பார்க்கலாம், தொடக் கூடாது

இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே அண்ணா சாலையில் 2018 மே மாதம் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்துக்கு ஏ.ஜி. – டி.எம்.எஸ். என்று பெயர். டி.எம்.எஸ். என்பது மருத்துவப் பணிகள் இயக்ககம். ஏ.ஜி. என்பது அக்கவுண்டண்ட் ஜெனரல், தமிழ்நாட்டின் மாநிலக் கணக்காயர் அலுவலகம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ் வருவது.

தணிக்கையாளருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு பெரிய அதிகாரம் கொடுத்திருக்கிறது தெரியுமா? எந்தக் கணக்கு அலுவலகத்திலும் நுழைந்து பார்க்கலாம். எந்தப் புத்தகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்கலாம். கேள்வி கேட்கலாம். ஆனால் கஜானாவிலிருந்து ஒரு ரூபாயை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்த முடியாது, பேரேட்டில் ஒரு எண்ணைத் திருத்தவும் முடியாது. கண்டதை அறிக்கையாகத் தரலாம், அது ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகும். முழுப் பார்வை, பூஜ்யம் எழுத்துரிமை! அதுமட்டுமல்ல, 1984ல் அந்தத் துறையையே பிரித்து, மாநிலக் கணக்கைத் தொகுக்கும் அலுவலகம் வேறு, தணிக்கை செய்யும் அலுவலகம் வேறு என்று ஆக்கினார்கள். தான் எழுதியதைத் தானே சரிபார்க்கக் கூடாது என்ற பி.காம். முதல் வருடப் பாடம்தான்.

லிப்வர்ட்டிலும் இதே ஏற்பாடு இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. ரீட்-ஒன்லி என்ற இணைப்பில் நுழைபவர் எந்த இயந்திரம் ஓடுகிறது, எவ்வளவு மெமரி தின்கிறது என்றெல்லாம் பார்க்கலாம். எதையும் எழுப்பவோ நிறுத்தவோ முடியாது. "டாலி ஓடுகிறதா" என்று தினமும் பார்க்க வேண்டியவருக்கு இதுவே போதும்.

சில்லறை ரொக்க முறை

பார்ப்பது மட்டும் போதாது, காலையில் இயந்திரத்தை எழுப்பவும் வேண்டும் என்றால்? இங்கே கை கொடுப்பது சில்லறை ரொக்க ஏடு. டீ, ஆட்டோ, கூரியர் செலவுக்காக ஆபீஸ் பையனிடம் இரும்புப் பெட்டிச் சாவியை யாரும் கொடுப்பதில்லை. மாதத் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட தொகையைக் கொடுப்பார்கள். செலவுக்கு வவுச்சர் வைக்க வேண்டும். செலவான தொகை மட்டும் திரும்ப நிரப்பப்படும். தப்பு நடந்தாலும் அந்தத் தொகைக்கு மேல் போகாது.

அதையே சர்வரில் செய்யலாம். சூடோ விதியில் ஒரே ஒரு வரி: இந்தப் பயனர், டாலி இயந்திரத்தை எழுப்பும் இந்த ஒரு முழுக் கட்டளையை மட்டும் ரூட்டாக ஓட்டலாம். நட்சத்திரக் குறி போட்டு "எதையும் எழுப்பலாம்" என்று தாராளம் காட்டக் கூடாது, அந்தச் சந்தில் யாராவது புகுந்துவிடுவார்கள். இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால், 2013ல் வந்த 1.1.0 பதிப்பு முதல் லிப்வர்ட், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாகப் போல்கிட்டிடம் அனுமதி கேட்கும் வசதியைத் தருகிறது. இன்னார், பயிற்சி இயந்திரத்தை எழுப்பலாம், நிறுத்தலாம், ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்பலாம். டாலி இயந்திரத்தை எழுப்ப மட்டும் செய்யலாம். அமைக்க அரை நாள் பிடிக்கும். அதற்குப் பிறகு 20ஆம் தேதி காலையில் யாருக்கும் ரூட் பாஸ்வேர்டை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டியிருக்காது.

கூடவே இரண்டு பழக்கங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனிக் கணக்கு. "ஆபீஸ்" என்ற பொதுப் பெயரில் எல்லோரும் நுழைந்தால், பதிவேட்டில் "ஆபீஸ் அழித்தது" என்றுதான் இருக்கும், ஆள் யாரென்று தெரியாது. இரண்டாவது, வேலையை விட்டுப் போகிறவரிடம் ஐடி கார்டைத் திரும்ப வாங்கும் அதே நாளில் சர்வர் உரிமையையும் வாங்கிவிடுவது. ஷியோனோகி கதையின் பாடம் அது ஒன்றுதான்.

நம்பிக்கை இல்லையா?

இப்படியெல்லாம் கட்டுப்படுத்தினால் "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் வருத்தப்படுவார்கள். நம் ஊரில் நம்பிக்கை என்றால் சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பது என்று அர்த்தமாகிவிட்டது. உண்மை நேர்மாறானது. அந்த ஆபீஸில் ஒரு நாள் ஒரு கம்பெனியின் கணக்கில் நாலு வவுச்சர் காணாமல் போகிறது என்று வையுங்கள். அன்று ரூட் பாஸ்வேர்ட் யார் யார் போனில் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பட்டியலில் பகுதி நேரமாக வரும் இருபது வயது மாணவரின் பெயரும் இருக்கும். அவர் எதையும் தொடவில்லை என்பதை எதை வைத்து நிரூபிப்பார்? எழுப்பும் உரிமை மட்டுமே இருந்திருந்தால், திருப்பும் உரிமை இல்லை என்ற அந்த ஒரு வரியே அவருக்குச் சாட்சி.

அதிகாரத்தை அளந்து கொடுப்பது, கொடுப்பவரின் சொத்தை மட்டும் காப்பதில்லை. வாங்குகிறவரின் பெயரையும் காக்கிறது. சம்பளம் குறைவாகவும் வயது குறைவாகவும் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் காப்பு முதலில் தேவை. பழி தேடும் விரல் எப்போதும் அவர்கள் பக்கம்தான் முதலில் நீளும்.

ஆகவே அடுத்த முறை திரையில் "பெர்மிஷன் டினைடு" என்று வந்தால், திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். மறுத்தது ஐந்து காவலாளிகளில் யார் என்று பதிவைப் படித்துக் கண்டுபிடியுங்கள். அவரிடம் தேவையான அளவு மட்டும் கேளுங்கள். யாராவது அவசரத்தில் முழுச் சாவிக்கொத்தையும் நீட்டினால், "எனக்கு இந்த ஒரு கதவு போதும் அண்ணா" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.